நீளமான ஆங்கிலச் சொல்லை வாலில் பிடியுங்கள்: ஸ்கேன் ரிப்போர்ட் முதல் கடன் பத்திரம் வரை ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். கையில் கொடுத்த கவரைப் பிரித்தால் கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'மைல்ட் ரைட் ஹைட்ரோயூரெட்டெரோநெஃப்ரோசிஸ்'. கடைசிச் சொல் மட்டும் ஆங்கிலத்தில் 21 எழுத்து. டாக்டர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். "என்னப்பா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்கிறார், எனக்கோ அதை வாய்விட்டுப் படிக்கவே வரவில்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அதை எந்த அம்மா நம்பியிருக்கிறார்?

அந்த ஒன்றரை மணி நேரத்தில் கைபேசியில் தேடிப் பயந்து, மறுபடி தேடி இன்னும் பயந்து, கடைசியில் டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: "சின்னக் கல்லு குழாய்ல நிக்குது, தண்ணி இறங்கல, அதான் கிட்னி லேசா வீங்கியிருக்கு." வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தால், அவர் சொன்னதில் பாதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. எனக்குத்தான் அதைப் பிரிக்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நீளமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு வெட்டிப் பார்க்கப் பழகினேன். 'தினம் பத்து புதிய சொல்' வகைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, மூன்றாம் நாள் முதல் நாளின் பத்தும் மறந்துவிடும். வெட்டும் பழக்கம் அப்படி மறப்பதில்லை.

படி 1: வாலிலிருந்து படியுங்கள்

தேன்கூடு என்றால் ஒரு வகைக் கூடு. கூட்டுத்தேன் என்றால் ஒரு வகைத் தேன். தமிழில் கடைசியில் வருவதுதான் பொருள் எது என்று சொல்லும், முன்னால் வருவது எப்படிப்பட்டது என்று சொல்லும். கிரேக்க, லத்தீன் துண்டுகளால் கட்டிய ஆங்கிலச் சொற்களும் பெரும்பாலும் இதே மாதிரிதான். ஆனால் நாம் தலையிலிருந்து தடவிக்கொண்டு போய் நடுவில் மூச்சுத் திணறி விட்டுவிடுகிறோம்.

மருத்துவச் சொற்களில் அடிக்கடி வரும் வால்கள் ஒரு பதினைந்துக்குள் அடங்கிவிடும். 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'ஆல்ஜியா' வலி. 'மெகலி' வந்தால் பெரிதாகிவிட்டது, 'பீனியா' வந்தால் குறைந்துவிட்டது. 'எமியா' இரத்தத்தில் இருக்கும் நிலை, 'யூரியா' சிறுநீரில் இருக்கும் நிலை. 'கிராம்' என்றால் பதிவு, 'ஸ்கோப்பி' என்றால் கருவி விட்டுப் பார்ப்பது. 'ஓசிஸ்' மட்டும் கொஞ்சம் பொதுவானது, ஏதோ ஒரு கோளாறு நிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையில் மூன்று வால்கள் ஒன்று போலவே ஒலிக்கும், இவற்றை மட்டும் தனியாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுவது. 'ஆட்டமி' என்றால் வெட்டித் திறப்பது மட்டும், எதையும் எடுக்க வேண்டும் என்றில்லை. 'ஆஸ்டமி' என்றால் ஒரு வாய், அதாவது திறப்பு, வைத்துவிடுவது. ஹிஸ்டெரெக்டமி என்றால் கருப்பையை எடுப்பது, கிரேனியாட்டமி மண்டையோட்டைத் திறப்பது, டிரேக்கியாஸ்டமி மூச்சுக்குழாயில் கழுத்து வழியாகத் துளை வைப்பது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

படி 2: பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தைத் தூசு தட்டுங்கள்

பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். 'எதுக்குடா இதெல்லாம்' என்று ஏழாம் வகுப்பில் கேட்டோமே, அது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்ற சொல்லைப் பாருங்கள். வால் ஐட்டிஸ், அழற்சி. மிச்சம் கேஸ்ட்ரோ (இரைப்பை), என்டர் (குடல்). இரைப்பையிலும் குடலிலும் அழற்சி, நம் பேச்சில் வயிற்றுப்போக்கும் வாந்தியும். நடுவில் வரும் அந்த 'ஓ'-வுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. மரத்தை என்பதில் மரத்துக்கும் ஐ-க்கும் நடுவே 'அத்து' வந்து உட்காருகிறதே, அதே வேலைதான், அதாவது சாரியை. அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த 'ஓ' பெரும்பாலும் காணாமல் போகும், அதனால்தான் கேஸ்ட்ரைட்டிஸ் என்கிறார்கள், கேஸ்ட்ரோஐட்டிஸ் என்பதில்லை. (கேஸ்ட்ரோவுக்கும் என்டருக்கும் நடுவே மட்டும் 'ஓ' போகவில்லை. இரண்டு உறுப்பின் பெயர் அடுத்தடுத்து வந்தால் அதை விட்டுவைப்பார்கள்.) ஆக, நீளமான சொல்லைப் பார்த்ததும் முதலில் 'ஓ' எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள், பாதி வெட்டு அங்கேதான் விழும்.

விகாரமும் உண்டு. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரம்கள் என்றா எழுதுகிறோம்? மரங்கள் என்கிறோம், க-வுக்கு முன்னால் ம் ங்-ஆக மாறுகிறது. ஆங்கிலத்தில் 'இன்' என்ற மறுப்பு முன்னொட்டு பாசிபிள் முன்னால் 'இம்' ஆகிறது, லீகல் முன்னால் 'இல்' ஆகிறது, ரெகுலர் முன்னால் 'இர்' ஆகிறது. வாய்க்கு வசதி பார்ப்பதில் எல்லா மொழிக்காரரும் ஒன்றுதான்.

இப்போது அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹைட்ரோ - யூரெட்டெரோ - நெஃப்ர் - ஓசிஸ். வால் ஓசிஸ்: ஒரு நிலை. நெஃப்ரோ: சிறுநீரகம். யூரெட்டர்: சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய். ஹைட்ரோ: நீர். சேர்த்துப் படித்தால் குழாயிலும் சிறுநீரகத்திலும் நீர் தேங்கிய நிலை. அதற்கு மேலே இருந்த வரியில் காரணமும் இருந்தது: '5 மி.மீ. கால்குலஸ் அட் வெசிகோயூரெட்டெரிக் ஜங்ஷன்'. வெசிகோ என்றால் சிறுநீர்ப்பை, ஆக குழாய் வந்து பையில் சேரும் இடம். கால்குலஸ் என்றால் லத்தீனில் கூழாங்கல். கூழாங்கற்களை வைத்து எண்ணிக் கணக்குப் போட்ட காலத்திலிருந்துதான் கால்குலேட்டரும் பிளஸ் டூ கால்குலஸும் வந்தன, கல், கணக்கு என்று இரண்டு கால்குலஸுமே வலி கொடுப்பவை என்பது தற்செயல்தான் என்று நினைக்கிறேன்.

கல் தானாக வரவில்லையென்றால் என்ன செய்யலாம் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்: எக்ஸ்ட்ராகார்ப்போரியல் ஷாக் வேவ் லித்தோட்ரிப்சி. பயப்படாமல் வெட்டுங்கள். வால் ட்ரிப்சி, நொறுக்குதல். லித்தோ, கல். ஷாக் வேவ், அதிர்வலை. எக்ஸ்ட்ரா, வெளியே. கார்ப்பஸ், உடல். உடலுக்கு வெளியே இருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைப்பது, கத்தி இல்லை. நல்லவேளை, அது தேவைப்படாமலே இரண்டு வாரத்தில் கல் இறங்கிவிட்டது.

இந்த 'லித்' உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம்தான். வரலாற்றுப் பாடத்தில் பேலியோலித்திக், அதாவது பழங்கற்காலம். 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி அந்தக் காலத்தது.

படி 3: தமிழ்க் கலைச்சொல்லைத் திருப்பிப் போடுங்கள்

தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த விஷயத்தில் தாழ்வு மனப்பான்மையோடு இருக்கிறார்கள், அது தேவையே இல்லை. உங்களுக்காக ஏற்கெனவே யாரோ வெட்டி வைத்துவிட்டார்கள். தொலைநோக்கி: டெலி, தொலைவு, ஸ்கோப், நோக்குவது. நுண்ணோக்கி: மைக்ரோ, நுண், ஸ்கோப் மறுபடி அதேதான். வெப்பமானி: தெர்மோ, வெப்பம், மீட்டர், மானி. ஒளிச்சேர்க்கை: ஃபோட்டோ, ஒளி, சிந்தசிஸ், சேர்க்கை. ஃபோட்டோசிந்தசிஸ் என்று கேட்டால் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலருக்கு 'செடி சாப்பாடு செய்வது' என்றுதான் தோன்றும், உங்களுக்கு அந்தச் சொல்லின் எலும்புக்கூடே கையில் இருக்கிறது.

எனவே பழைய தமிழ்வழி அறிவியல் புத்தகம் பரணில் இருந்தால் எறியாதீர்கள். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிரே ஆங்கிலச் சொல் என்று எழுதிக் கோடு போட்டு வெட்டினால் ஒரு மாலையில் முப்பது நாற்பது வேர்கள் கிடைக்கும். நோட்டில் எழுத வேண்டியது இந்த வேர்களைத்தான், முழுச் சொற்களை அல்ல.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வரும்போது குழம்பாதீர்கள். சிறுநீரக டாக்டர் நெஃப்ராலஜிஸ்ட், ஆனால் அவர் எழுதும் டெஸ்ட் ரீனல் ஃபங்ஷன் டெஸ்ட். நெஃப்ரோ கிரேக்கம், ரீனல் லத்தீன். நுரையீரலுக்கும் அப்படித்தான், நியூமோ கிரேக்கம், பல்மனரி லத்தீன். வீடு என்று சொல்லிக்கொண்டே பத்திரிகையில் கிருகப்பிரவேசம் என்று அடிக்கிறோமே, அந்த மாதிரி.

படி 4: பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வெட்டத் தெரிந்தவர்கள் விழுவது இங்கேதான்.

முதல் பொறி ஹைப்போவும் ஹைப்பரும். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, அதிகம். ஹைப்போகிளைசீமியா சர்க்கரை குறைந்துபோன நிலை, ஹைப்பர்கிளைசீமியா ஏறிப்போன நிலை. பேச்சில் நடுவில் ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம், சிகிச்சையோ நேர் எதிர். போனில் யாராவது சொன்னால் "குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா?" என்று தமிழிலேயே திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் நீங்கள் நூறு முறை பார்த்திருக்கும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. 'இன்' வந்தால் 'இல்லை' என்று கணக்குப் போட்டால் தீப்பிடிக்காது என்று அர்த்தம் வரும், அதை நம்பி அருகில் நின்று பீடி பற்ற வைத்தால் கதை முடிந்தது. இங்கே 'இன்' மறுப்பு அல்ல, 'உள்ளே' என்ற பொருளில் வரும் வேறு 'இன்'. நன்றாகத் தீப்பற்றும் என்பதுதான் பொருள். இன்வேல்யுவபிள் என்பதில் 'இன்' மறுப்புதான், ஆனாலும் 'மதிப்பில்லாதது' என்று பொருள் இல்லை, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. நம்மிடமும் விலைமதிப்பில்லாதது வேறு, அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி வேறு.

மூன்றாவது, ஒரே மாதிரி தெரியும் இரு வேர்கள். பெடிக்யூர் என்பதில் வரும் 'பெட்' லத்தீன் பாதம், பீடியாட்ரிக்ஸில் வருவது கிரேக்கக் குழந்தை. அப்படியானால் ஆர்த்தோபீடிக்ஸ்? கால் எலும்பு டாக்டர் என்பதால் பாதம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். இல்லை, குழந்தைதான். 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் குழந்தைகளின் உடல் கோணலை நேராக்குவது பற்றி எழுதும்போது ஆர்த்தோ (நேர்), பைட் (குழந்தை) இரண்டையும் ஒட்டி உருவாக்கிய சொல் அது. இன்று எழுபது வயதுத் தாத்தாவும் மூட்டு மாற்ற அதே துறைக்குத்தான் போகிறார். வேர் சொல்லின் பிறப்பைத்தான் சொல்லும், வளர்ந்தபின் எங்கே போய்க் குடியேறியது என்று சொல்லாது.

படி 5: ராட்சசச் சொற்களில் பழகிப் பாருங்கள்

இது கொஞ்சம் விளையாட்டு. ஆனால் கை பழக நல்லது.

ஆன்ட்டிடிஸெஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து. இதை வாலிலிருந்து மட்டும் வெட்டினால் போதாது, வெங்காயம் மாதிரி நடுவிலிருந்து பிரிக்க வேண்டும். நடுவில் எஸ்டாப்ளிஷ், நிறுவுதல். இங்கே ஒரு திருச்சபையை அரசின் அதிகாரபூர்வச் சபையாக வைத்திருப்பது. டிஸ் சேர்ந்தால் அந்த நிலையை நீக்குவது. மென்ட், அந்தச் செயல். ஏரியன், அதை ஆதரிக்கும் ஆள். இசம், அவருடைய கொள்கை. கடைசியாக முன்னால் ஆன்ட்டி, அந்தக் கொள்கைக்கு எதிர்ப்பு. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இது உண்மையான அரசியல் சண்டை, அயர்லாந்தின் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் சட்டம் 1869-ல் நிறைவேறியது. இங்கிலாந்தில் சபை இன்றும் அரசோடுதான் இருக்கிறது.

ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்து. 2018-ல் சசி தரூர் தன் புத்தக அறிவிப்பில் போட்டு எல்லோரையும் அகராதி தேட வைத்தாரே, அது. வால் ஃபிகேஷன், ஆக்குதல். முன்னால் இருக்கும் நான்கு லத்தீன் துண்டுகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்: பஞ்சுத் துணுக்கு, அற்பம், ஒன்றுமில்லை, மயிர். ஒன்றுக்கும் உதவாதது என்று மதித்துத் தள்ளுவதுதான் மொத்தப் பொருள். இதற்கு 29 எழுத்து எதற்கு, மயிரளவுக்கும் மதிக்கவில்லை என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், அதுவும் அதே மயிரை வைத்து.

அகராதிகளில் இருக்கும் மிக நீளமான சொல் என்று எல்லா வினாடி வினாவிலும் வரும் 45 எழுத்துச் சொல்லும் உண்டு: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோப்பிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனியோசிஸ். நுரையீரல், மிகமிக நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். இப்போது இதை வெட்ட நான் தேவையில்லை, நீங்களே செய்திருப்பீர்கள். 1935-ல் அமெரிக்காவின் தேசியப் புதிர்ப் போட்டியாளர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டியது இது. டாக்டர்கள் யாரும் எழுதுவதில்லை, அவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற சின்னச் சொல் போதும். கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் முகத்தில் துணி மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு வரும் அந்த நோய் புதிர் அல்ல.

படி 6: நீளமான சொற்றொடர்கள், அதாவது பத்திர மொழி

இங்கே கத்தி வேறு. கிரேக்கம் உதவாது, பழைய ஆங்கிலத்தின் இடச்சொற்கள்தான் சிக்கல். ஒரு சூத்திரம் போதும்: 'ஹியர்' என்று தொடங்கினால் இந்தப் பத்திரம், 'தேர்' என்று தொடங்கினால் முன்னே சொன்ன அந்த விஷயம். ஹியரின்ஆஃப்டர் என்றால் இந்தப் பத்திரத்தில் இனிமேல். தேராஃப் என்றால் அதனுடைய. நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் என்று ஒரு பத்தி தொடங்கினால் விழித்துக்கொள்ளுங்கள்: வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும் நான் சொல்வதே செல்லும் என்று அந்தப் பத்தி சொல்கிறது. பத்திரத்தில் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்பது நான் பட்ட பாடு. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். செவரல் என்றால் பல என்றுதானே பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள், ஏதோ பலர் சேர்ந்து பொறுப்பு, என் பங்கு கொஞ்சம்தான் வரும் என்று நினைத்தேன். இங்கே செவரலி என்றால் தனித்தனியாக. கூட்டாகவும் கேட்கலாம், ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. நண்பன் நான்கு தவணை கட்டாமல் விட்டதும் வங்கி எனக்குத்தான் முதலில் போன் செய்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை, எழுதித்தான் இருந்தது.

வண்டி ஆர்.சி.யில் இருக்கும் ஹைப்பாதிகேஷன்: ஹைப்போ, கீழே, மற்றது, வைத்தல். கீழே வைத்தது, அதாவது ஈடு. நகை அடகில் பொருள் அவர்களிடம் போய்விடும், இதில் வண்டி உங்களிடமே ஓடும், பிடி மட்டும் கடன் கொடுத்தவரிடம். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ.வில் அந்த வரியை எடுக்க மறக்காதீர்கள், விற்கப் போகும் நாளில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. என்கம்ப்ரன்ஸ் சர்ட்டிஃபிகேட்டுக்கு விளக்கமே வேண்டாம். வில்லங்கச் சான்று. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா தெரியவில்லை.

படி 7: மாத்திரை அட்டையின் வால்

மருந்தின் உண்மைப் பெயர் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். உலக சுகாதார அமைப்பு 1953-லிருந்து மருந்துகளுக்குப் பொதுப்பெயர் வெளியிடுகிறது, ஒரே குடும்பத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே வால். 'ஸ்டேட்டின்' கொழுப்புக்கு, அடார்வாஸ்டேட்டின் மாதிரி. 'சார்டான்' இரத்த அழுத்தத்துக்கு, டெல்மிசார்டான் மாதிரி. 'ப்ரசோல்' வயிற்று அமிலத்தைக் குறைக்க, பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் மாதிரி. இதிலும் பொறி உண்டு, அரிப்பிப்ரசோல் மனநல மருந்து, வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே வாலைப் பார்த்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், கேள்வி கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மாவின் மாத்திரை டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூட்டு வலிக்குப் பார்த்தவர் கொடுத்ததில் ஒரு பான்டோப்ரசோல், சர்க்கரைக்குப் பார்ப்பவர் கொடுத்ததில் ஒரு ரபெப்ரசோல், இரண்டு வேறு பிராண்ட், இரண்டு வேறு நிறம். இரண்டையும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன், பார்த்துவிட்டு ஒன்றைக் கோடு போட்டு அடித்தார். "எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்றார் அம்மா. "வாலைப் பார்த்தேம்மா" என்றேன்.